விற்பதா, கட்டுவதா? கஜா கற்றுக்கொடுத்த கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. நான் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று அப்போது ஐந்து மாதம்தான். மிச்ச காலத்தை அப்பா வைத்த தென்னந்தோப்பில் கழிப்பது என்று ஊருக்கு வந்திருந்தேன். வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டு வீடும் ஒன்றரை ஏக்கர் தோப்பும்.

அன்றைக்குக் காற்று முதலில் வடக்கே இருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. "போயிடுச்சுடா தம்பி" என்று அம்மா விளக்கேற்றப் போனார். பிறகு தெற்கே இருந்து திருப்பி அடித்தது பாருங்கள், அதில்தான் எல்லாம் போனது. வடக்குக் காற்றில் ஆடித் தளர்ந்திருந்த மரங்களைத் தெற்குக் காற்று தள்ளிவிட்டது. விடிந்து எண்ணினேன். 112 மரத்தில் 104 கீழே கிடந்தன. வீட்டின் கூரையில் முக்கால் பாகம் இல்லை. பின்கட்டில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் பக்கத்து வயலில் துண்டு துண்டாகக் கிடந்தன. வேலியோரப் பனை ஏழும் அப்படியே நின்றன.

தரகர் வந்த நாள்

பத்தாம் நாள் தரகர் வந்தார். மின்சாரம்கூட வரவில்லை, அவர் வந்துவிட்டார். வீடு, மனை, தோப்பு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம், கையில் காசு என்றார். புயலுக்கு முந்திய ஆண்டு அதே இடத்தை இருபது லட்சத்துக்குக் கேட்டிருந்தார்கள்.

சென்னையில் இருக்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, குடுத்துடலாம்ணே. அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுங்க. மரம் வளர்ந்து காய்க்கிறப்ப நாம இருப்பமான்னே தெரியாது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம், விடாது. நூறு மரம், மரத்துக்கு வருடம் எண்பது காய், காய் பத்து ரூபாய் என்றால் எண்பதாயிரம். வெட்டுக்கூலி, எரு, தண்ணீர் போக ஐம்பதாயிரம் நிற்கும். பன்னிரண்டு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் வருடம் எண்பத்து நாலாயிரம். வங்கிக் கணக்குப்படி விற்க வேண்டும்.

இதே கணக்கை எத்தனை பேருக்கு நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருப்பேன்! ஆனால் காலையில் அதைத் திரும்பப் பார்த்தபோது மூன்று ஓட்டை தெரிந்தது.

ஒன்று, பன்னிரண்டு லட்சம் என்பது நிலத்தின் விலை அல்ல, எங்கள் பயத்தின் விலை. இரண்டு, வீட்டுக்கு நான் மதிப்பே போடவில்லை. சென்னையில் அம்மாவுக்கு ஒரு அறை வாடகைக்கு எடுத்தாலே அந்த வட்டி அதற்குள் அடங்கிவிடும். மூன்று, விற்ற நிலத்தை நம்மைப் போன்றவர்கள் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

தம்பி பங்கை நானே எடுத்துக்கொண்டேன். தரகர் விலையும் இல்லாமல், பழைய விலையும் இல்லாமல் நடுவில் எட்டு லட்சம். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி அதில் போனது.

விழுந்த மரமே கூரை

வீட்டை அப்படியே பழையபடி கட்டக்கூடாது என்று ஆசாரி சொன்னார். காற்று ஓட்டை அமுக்கி உடைப்பதில்லை, தாழ்வாரத்துக்கு அடியில் நுழைந்து மேலே தூக்குகிறது என்பதை அவர்தான் காட்டினார். சுவர் நின்றது, கூரை பறந்தது. காரணம், கைமரங்கள் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன.

விழுந்த தென்னைகள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவை. அந்த வயது மரத்தின் அடிப்பாகத்தில் வெளிச்சுற்று நன்றாக வைரம் ஏறியிருக்கும். நடுச்சோறு எதற்கும் உதவாது. அடிமரங்களைத் தேர்ந்து அறுத்துக் கைமரமாக்கினோம். மற்ற மரங்களைச் சூளைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். கூரையில் செய்த மாற்றங்கள் இவை:

முன்னும் பின்னும் மட்டும் சரிந்த கூரையை நான்கு பக்கமும் சரிவாக மாற்றினோம். முக்கோணச் சுவரில் காற்று மோதுவது நின்றது. சுவர் உச்சியில் சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை போட்டு, அதில் போல்ட் பதித்து, கைமரங்களை இரும்புப் பட்டையால் பிடித்தோம். தாழ்வாரத்தைக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போட்டோம். அது பறந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. கான்கிரீட்டுக்குக் கடற்கரை மணலைத் தொடவில்லை. உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்றுவிடும்.

வயலில் சிதறிய ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை ஈரப்படுத்தி, முகத்தில் துணி கட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். அதை உடைக்கவோ உழவில் கலக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

தோப்பு

கிடக்கும் தென்னை மரங்களை அழுக விட்டால் காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் நாமே பண்ணை வைத்த மாதிரி. மிஞ்சியதில் குட்டையான துண்டுகளைக் குழியில் புதைத்து மண் மூடினோம். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தோம். வண்டின் புழுக்களை அது பார்த்துக்கொள்ளும்.

தாழ்ந்த பகுதியில் உப்பு நீர் ஏறி நின்றிருந்தது. என்ன செய்வது என்று குழம்பியபோது 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நம்மாழ்வார் ஐயா நின்று செய்த வேலை நினைவுக்கு வந்தது. உப்பேறிய நிலம் இனி ஆகாது என்று பலரும் கைவிட்டபோது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, தழையும் எருவும் கொடுத்து நிலத்தை மீட்டுக் காட்டினார்கள். அதே வழிதான். வாய்க்கால் எடுத்து மழைநீர் உப்பைக் கழுவ விட்டேன். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து நாற்பத்தைந்து நாளில், பூக்கும் சமயம் மடக்கினேன். இரண்டு முறை. மூன்றாம் பட்டத்தில் பல தானிய விதைப்பு. மணல் பூமி என்பதால் உப்பு சீக்கிரம் இறங்கியது. களிமண்ணாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும்.

2019 ஆடியில் நாட்டு நெட்டைக் கன்றுகள் வைத்தேன். மூன்றடிக் குழி, இருபத்தைந்து அடி இடைவெளி, அடியில் தேங்காய் மட்டை. முன்பு போல் தென்னை மட்டும் இல்லை. நடுவில் நிலக்கடலை, கத்தரி, ஓரத்தில் முருங்கை, முல்லை. வேலி சுற்றிலும் பனங்கொட்டை ஊன்றினேன். வீட்டில் இருந்து மரம் விழும் தூரத்துக்குள் தென்னை வைக்கவில்லை. போன ஆண்டுதான் சில மரங்கள் பாளை விட்டன. நடுவே இருந்த ஆண்டுகளில் வீட்டை ஓட்டியது கடலையும் முல்லையும் என் ஓய்வூதியமும்.

விற்றவர்

இந்தக் கடைசிச் சொல்லை மறைத்து எழுதினால் நேர்மை இல்லை. பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், பக்கத்துத் தோப்புக்காரர். அவரும் அதே தரகரிடம்தான் கேட்கப்பட்டார். ஆலோசனை கேட்க வந்தார். "விக்காதீங்கண்ணே, ஒரு வருசம் பொறுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒனக்கு ஒண்ணாந்தேதி ஆனா பென்சன் வருது தம்பி. எனக்கு நகைக்கடன் நோட்டீசுதான் வருது." எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்படிப்பட்ட நோட்டீசுகளில் கையெழுத்துப் போட்டவன் நான். மகள் கல்யாணமும் நிச்சயமாகி இருந்தது. விற்றுவிட்டுத் திருப்பூர் போனார். அவர் விற்ற இடம் மூன்றே ஆண்டில் பழைய விலைக்கு வந்தது. பார்க்கும்போதெல்லாம் அந்த வேலியோரப் பனையைப் பற்றித்தான் கேட்கிறார்.

ஆகவே "விற்காதே" என்று நான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அவசரத்தில் விற்காமல் இருக்க என்னென்ன வழி உண்டோ, அதைத்தான் சொல்கிறேன்.

புயலுக்கு முன்பே செய்யவேண்டியவை

பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் நகல் எடுத்து வெளியூர் உறவினரிடம் ஒரு கட்டு வையுங்கள். இறந்துபோன தாத்தா பெயரில் பட்டா இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கோயில் மனையிலும் புறம்போக்கிலும் இருப்பவர்கள் வரி ரசீது, மின் இணைப்பு ரசீதை விடாமல் பாதுகாக்க வேண்டும்.

தென்னைக்குக் காப்பீடு செய்யுங்கள். தென்னை வளர்ச்சி வாரியத் திட்டத்தில் அன்றைக்கு 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீடு 1,750 ரூபாய். பிரீமியத்தில் பாதி வாரியம், கால் பங்கு மாநில அரசு, விவசாயி கட்டுவது கால் பங்கு. என் 112 மரத்துக்கு வருடம் 392 ரூபாய் ஆகியிருக்கும். ஊருக்கெல்லாம் காப்பீடு சொன்ன நான் சொந்தத் தோப்புக்குச் செய்யவில்லை. அரசு நிவாரணமாக மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் கிடைத்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் கதை வேறு.

பயிர்க்கடன் உள்ளவர்கள் வங்கிக்குப் போய்க் கடன் சீரமைப்புக் கேளுங்கள். கஜா அடித்த 2018இல் இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பேரிடர்ப் பகுதியாக அறிவித்து, பயிர்ச் சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்ற முடிந்தது. 50 சதவீதச் சேதத்துக்கு மேல் ஐந்தாண்டு வரை நீட்ட முடிந்தது, குறைந்தது ஓராண்டு தவணை விடுமுறையும் இருந்தது. கேட்காமல் இருந்தால் கிடைக்காமல் போகலாம். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஊரில் நாலு பேர் சேர்ந்து மாதம் நூறு ரூபாய் போட்டு ஒரு பொதுச் சேமிப்பு வையுங்கள். புயல் அடித்த பிறகு ஒரு குடும்பம் ஆறு மாதம் சாப்பிட முடிந்தால் தரகருக்குக் காத்திருக்கச் சொல்லலாம். நாங்கள் பதினெட்டுப் பேர் வைத்திருக்கிறோம். என் மூத்தவர் வந்தபோது அப்படி ஒன்று எங்கள் ஊரில் இல்லை.