70,000 வெள்ளியும் 60 நிமிடமும்

பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறினால் 1ஆவது நிறுத்தம் தெம்பனிஸ், 2ஆவது சீமெய். முன்னதில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி, பின்னதில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் கிழக்குக் கல்லூரி. 5 பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் கழகத்திலும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தனி உதவி அலுவலகம் அமைப்பதாகச் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2014இல் அறிவித்தது.

அமைச்சின் சிறப்புத் தேவை நிதியில், கற்றல் குறைபாடுள்ள மாணவருக்கு உச்சவரம்பு 5,000 வெள்ளி. கடுமையான செவித்திறன் குறைபாட்டால் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படுபவருக்கு 70,000 வெள்ளி. அதாவது 14 மடங்கு. பெரிய தொகைதான். ஆனால் ஆண்டுக்கு 30 வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 3 ஆண்டுப் படிப்புக்கு 1,800 மணி நேரம். மணிக்கு 38.89 வெள்ளி வருகிறது. நீண்ட விரிவுரை என்றால் கை ஓயும். மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் முறை வைத்துச் செய்வது வழக்கம். அப்போது ஆளுக்கு 19.44 வெள்ளி.

இன்னோர் உதவியான கூடுதல் தேர்வு நேரத்துக்கு இவ்வளவு செலவில்லை. பிரிட்டிஷ் பள்ளித் தேர்வுகளில் அது வழக்கமாக 25 விழுக்காடு, மணிக்கு 15 நிமிடம். இந்தியாவின் 2018 வழிகாட்டுதலோ மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்றது, 33.3 விழுக்காடு. 3 மணி நேரத் தாளுக்குப் பிரிட்டனில் 45 நிமிடம், இந்தியாவில் 60. ஏட்டளவில் இந்தியாவின் கை ஓங்கியிருக்கிறது.

தேர்வறையில் நடந்தது வேறு. இந்திய மருத்துவப் படிப்புக்கான 2021 நீட் நுழைவுத் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டியிருந்தது. கேள்விக்கு 60 விநாடி. டிஸ்கிராஃபியா எனும் எழுதுதிறன் குறைபாடு 40 விழுக்காடு எனச் சான்று பெற்ற மாணவி ஒருவருக்கு 240 நிமிடம், கேள்விக்கு 80 விநாடி கிடைத்திருக்க வேண்டும். 180 நிமிடம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். நவம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் மாணவியின் பக்கமே நியாயம் என்றது. 1 வாரத்துக்குள் பரிகாரம் காணுமாறு தேர்வை நடத்திய முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வுக்கு மட்டும் இசையவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 11இல் அதே நீதிமன்றம், சொல்வதை எழுத ஆள் கேட்பதற்கு 40 விழுக்காடு சான்று கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. பேனா பிடித்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும் குடிமைப் பணித் தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. சான்றில் 39 என்று இருந்தால் விரல் இழுக்காமலா இருக்கும்?

பாசிர் ரிஸ் பெற்றோருக்கு ஒன்று. சேர்க்கைக் கடிதம் கிடைத்த வாரமே மருத்துவ அறிக்கையுடன் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். தேர்வு அட்டவணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.