தேய்ந்ததை மாற்றும் திறம்

இயங்கும் பொருள் யாதாயினும் தேய்தல் அதன் இயல்பாகும். உழுகின்ற கொழு மண்ணில் தேய்கின்றது. அரைக்கின்ற அம்மியும் குழவியும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. மேடு பள்ளங்களில் நாள்தோறும் ஓடும் மோட்டார் வண்டியின் உறுப்புகளும் இவ்வியல்புக்கு விலக்கல்ல. தேய்ந்த உறுப்பை மாற்றவேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், எதனை மாற்றுவது, எதனை விட்டுவைப்பது என்று துணிதல் எளிதன்று. குறைவாக மாற்றின் உயிருக்கு இடர் நேரலாம். மிகுதியாக மாற்றின் பொருள் வீணாகும். வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் காப்பவர்க்கு இவ்விரண்டும் பெருங்கேடுகளே.

வண்டியின் உடலுக்கும் சக்கரங்களுக்கும் இடையே அமைந்து, சாலையின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் அமைப்பைச் சஸ்பென்ஷன் என்பர். இதனைத் தாங்கமைப்பு எனலாம். இதில் உள்ள சுருள்வில் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது. அழுத்திய வில் மீண்டும் எழும்பும். எழும்பியது மீண்டும் தாழும். இவ்வாட்டத்தை விரைவில் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் ஓர் உந்து தண்டு எண்ணெயில் இயங்குகின்றது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்குண்டு செல்வதால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகின்றது. சக்கரத்தை உடலோடு பிணைப்பது கீழ்க்கரம். அக்கரம் உடலோடு சேருமிடத்தில் புஷ் எனப்படும் ரப்பர் உறைகளும், சக்கரத்தின் பக்கம் சேருமிடத்தில் பால் ஜாயிண்ட் எனப்படும் பந்துமூட்டும் உள்ளன. நம் தோள்மூட்டைப் போலவே, கிண்ணத்துள் பந்து திரும்புமாறு அமைந்தது அம்மூட்டு.

இவ்வுறுப்புகளை மாற்றுவதில் கருதத்தக்க நெறிகள் நான்கு.

முதலாவது, உயிர்க்காப்பு. பந்துமூட்டின் மேலுறை கிழிந்தால் உள்ளிருக்கும் மசகு வெளியேறும். நீரும் மணலும் உட்புகும். மூட்டு விரைவில் தேய்ந்து ஆடத்தொடங்கும். அது முற்றும் கழன்றுவிடின் சக்கரம் சாய்ந்துவிடும். வண்டி ஓட்டுநரின் வயப்படாது. ஆதலின் ஆட்டங்கண்ட பந்துமூட்டை நாளை என்று தள்ளிவைத்தல் ஆகாது. புஷ்ஷில் காணும் சிறு வெடிப்போ அத்துணை விரைவு வேண்டுவதன்று.

இரண்டாவது, இணை பேணல். வலிய எருது ஒன்றையும் மெலிந்த எருது ஒன்றையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி நேரே செல்லாது. அதுபோல, ஒரே அச்சின் ஒருபக்கத்தில் புதிய ஷாக் அப்சார்பரும் மறுபக்கத்தில் ஓய்ந்துபோன பழையதும் இருப்பின், வளைவிலும் தடை போடும்போதும் வண்டி ஒருசீராய் நில்லாது. எனவே ஷாக் அப்சார்பரையும் சுருள்வில்லையும் இணையாகவே மாற்றுவர். பந்துமூட்டுக்கு இந்நெறி கட்டாயமன்று. மறுபக்கத்து மூட்டு உறுதியாயின் அதனை விட்டுவைக்கலாம்.

மூன்றாவது, கூலியை எண்ணிப் பார்த்தல். 1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800 முதலிய சிறு கார்களின் முன்புறத்தில், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் இணைந்த ஸ்ட்ரட் என்னும் அமைப்பு உண்டு. அதனைக் கழற்றிப் பிரித்த காலத்தில், அதன் தலைப்பில் உள்ள ரப்பர் தாங்கி நைந்திருப்பின் உடனே மாற்றுதல் நன்று. சிறுவிலைப் பொருளை அன்று விட்டுவைத்தால், பின்னர் அதற்கெனவே முழுக்கூலியையும் மீண்டும் கொடுக்க நேரிடும்.

நான்காவது, நல்லதைக் காத்தல். ஓர் ஓடு உடைந்ததற்காகக் கூரை முழுவதையும் பிரிப்பார் இலர். வில் முறியாமலும் இருபுறமும் ஒரே உயரத்தில் தாழாமலும் நிற்குமாயின், பழையது என்னும் ஒரே காரணத்தால் அதனைக் களைய வேண்டுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு வாடகைக் காரின் முன்புறத்தில் தடதடவென ஓசை எழுகின்றது எனக் கொள்க. எல்லாவற்றையும் மாற்றுக என்பார் ஒருவர்; புஷ் ஒன்றே போதும் என்பார் மற்றொருவர். அறிவுடைய கம்மியர் இவ்விரண்டையும் உடனே ஏற்பதில்லை. வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரத்தை அசைத்தும் கரத்தை நெம்பியும் ஆராய்கின்றார். இடப்பக்கப் பந்துமூட்டு ஆடுகின்றது; அக்கரத்தின் புஷ்களும் கிழிந்துள்ளன; அப்பக்கத்து ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகின்றது. வலக்கரமும் சுருள்விற்களும் பின்புறமும் நன்னிலையில் உள்ளன. ஆகவே, இடக்கரம் முழுமையும், முன்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் மாற்றத்தக்கன, ஏனையவை காக்கத்தக்கன. மூட்டும் புஷ்களும் ஒருங்கே கெட்டமையின், அவற்றைத் தனித்தனியே பொருத்துவதினும் முழுக்கரத்தை மாற்றுவதே இங்கு ஏற்றது.

மாற்றிய பின்னரும் கடமை முடிவதில்லை. ரப்பர் புஷ் உள்ள திருகாணிகளை, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரத்தைத் தாங்கும் நிலையிலேயே இறுதியாக முடுக்கவேண்டும். இன்றேல் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். சக்கரங்களின் நேர்மையையும் கருவிகொண்டு அளந்து திருத்தவேண்டும். இதனை விடுத்தால் புதிய டயரும் ஓரம் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும்.

அச்சத்தால் அனைத்தையும் மாற்றுதல் அறிவன்று. உலோபத்தால் ஒன்றையும் மாற்றாதிருத்தலும் அறிவன்று. ஆராய்ந்து, தேய்ந்ததைத் தயங்காது நீக்கி, உறுதியானதைப் போற்றிக் காப்பதே அறிவாகும். அவ்வண்டியில் ஏறும் ஒவ்வொருவருடைய உயிரும் அவ்வாராய்ச்சியை நம்பியே செல்கின்றது.