டிரையல்ஸ்ல ஜொலிச்சா போதுமா? கல்லூரி கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறது எப்படி?

கல்லூரி திறந்து, முதல் வருடப் பசங்க கேன்டீனுக்கு வழி கண்டுபிடித்திருக்கும் நேரம். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்படும்: 'கால்பந்து அணித் தேர்வு, மாலை 4 மணி.' உத்தமபாளையம், போடி, வீரபாண்டி என நீங்கள் தேனி மாவட்டத்தில் எங்கே படித்தாலும், கால்பந்து அணி இருக்கிற கல்லூரி என்றால் காட்சி ஏறக்குறைய இதுதான். நாற்பது பேர் வந்து நிற்பார்கள். இரண்டு மணி நேரத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் போவார்கள்.

'ஒரு டீம் செலக்‌ஷன்தானே, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?' என்று கேட்கிறீர்களா? விஷயம் இருக்கிறது.

ஜெர்சிக்குப் பின்னால் ஒரு வேலை

கல்லூரி அணியில் இடம் கிடைத்தால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடலாம். அங்கே கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அதற்கு அடுத்தது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டி. பல்கலைக்கழகத்துக்காக அதில் ஆடியவர்களுக்கு 'படிவம் 3' சான்றிதழுக்கு வழி பிறக்கும். தமிழ்நாடு காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதற்குக் கேட்கப்படும் சான்றிதழ்களில் இதுவும் ஒன்று.

லீவு நாளில் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் வேலைக்குப் போகிற வீட்டுப் பையனுக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கான முதல் படி, அந்த 4 மணி டிரையல்ஸ். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட 25 வயது வரைதான் அனுமதி என்பதால், தவறவிட்ட வருஷம் திரும்பி வராது.

ஊர் ஸ்டார் ஏன் இங்கே சொதப்புகிறார்?

ஊர் டோர்னமென்ட்டில் கப் மேல் கப் வாங்கியவர், டிரையல்ஸில் காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொடிகட்டிப் பறக்கும் 'செவன்ஸ்' ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். சின்ன மைதானம், அணிக்கு ஏழு பேர். நாலு பேரை வெட்டிக்கொண்டு போனால் கைதட்டல்தான்.

பதினோரு பேர் ஆடும் முழு மைதானமோ சுமார் 105 மீட்டர் நீளம். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் என்ன செய்கிறார்? காலி இடத்துக்கு ஓடுகிறாரா, பந்தை இழந்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா? பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறாரா? விவரமான பி.டி. சார் பார்ப்பது இதைத்தான்.

அம்மியே பறக்கும்போது பந்து நிற்குமா?

நம்ம பள்ளத்தாக்குக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தேர்வு நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சீறி வரும் காலம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் கோல் கீப்பர் ஓங்கி அடித்த பந்து, பாதி வானத்தில் நின்று திரும்பி வரும். காற்றுக்கு முதுகு காட்டி ஆடுபவர் ஹீரோ. எதிர்த்து ஆடுபவர் ஜீரோ.

எனவே, பாதி நேரத்தில் பக்கம் மாற்றாத டிரையல்ஸ் நியாயமான டிரையல்ஸ் இல்லை. ஆடுகிறவர்களுக்கும் ஒரு டிப்ஸ்: காற்றை எதிர்த்து ஆடும்போது பந்தைத் தரையில் உருட்டி ஆடுங்கள். 'சூழ்நிலை தெரிஞ்சு ஆடுறான்' என்ற பெயர் கிடைக்கும்.

199-வது ஆள்

ஒரே நாள் பரிசோதனையை நம்பி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால், பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு விளையாட்டு. அங்கே தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 1936 முதல் நடக்கிறது. 2000-ம் ஆண்டு தேர்வுக்கு முன், மிச்சிகன் பல்கலைக்கழக வீரர் டாம் பிரேடி 40 கஜம் ஓட 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். அந்த விளையாட்டில் அது மந்தமான ஓட்டம். 199-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு அவர் வென்ற சூப்பர் பவுல் பட்டங்கள் 7!

ஸ்டாப் வாட்ச் வேகத்தை அளந்துவிடும். நெருக்கடியில் நிதானமாக முடிவெடுக்கும் குணத்தை அதனால் அளக்க முடியாது. அதற்காக ஃபிட்னஸ் டெஸ்ட்டே வேண்டாம் என்றில்லை. 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி மூச்சு வாங்கி, மறுபடி ஓடும் 'யோ-யோ' டெஸ்ட் கால்பந்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால், அது ஒரு பகுதி மார்க்தான்.

நல்ல தேர்வு எப்படி இருக்கும்?

* ஒரே நாளில் முடிக்காமல், குறைந்தது மூன்று நாள்கள் பார்க்க வேண்டும்.
* நாலுக்கு நாலு சின்ன ஆட்டம் ஒரு நாள், முழு மைதான ஆட்டம் இன்னொரு நாள் என வைக்கலாம். சின்ன ஆட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.
* இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட்டு, அதன்பிறகே பேச வேண்டும். முதலிலேயே பேசிக்கொண்டால், ஒருவரின் அபிப்ராயம் மற்றவரிடம் ஒட்டிக்கொள்ளும்.
* ஸ்ட்ரைக்கர் என்று வந்தவரை விங்கிலும் டிபென்ஸிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லோருமே ஸ்ட்ரைக்கராகத்தான் வருவார்கள்!
* கடைசி பஸ்ஸைப் பிடிக்க 5.30-க்கே கிளம்பும் மாணவருக்கு முதல் ஆட்டத்திலேயே வாய்ப்பு கொடுக்க வேண்டும். 'பிராக்டீஸ்ல நிக்க மாட்டான்' என்று அவரை ஒதுக்குவது எளிது. ஆனால், அவர் ஊருக்கு அதற்குப் பிறகு பஸ் கிடையாது.

பட்டியலில் பேர் இல்லையா?

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மறுநாள் பி.டி. சாரைப் பார்த்து, "சார், நான் எதுல குறைஞ்சேன்?" என்று கேளுங்கள். 'பாஸிங் வீக்', 'ஸ்டாமினா இல்ல' என்று ஒரு பதில் வந்தால், அதுதான் அடுத்த வருஷத்துக்கான உங்கள் சிலபஸ். பிராக்டீஸுக்கு வர அனுமதி கேளுங்கள். சீசன் நடுவில் ஒருவருக்குக் கால் பிசகும், இன்னொருவருக்கு அரியர் எக்ஸாம் வரும். அப்போது, மைதானத்தில் தினமும் நிற்கிற ஆளைத்தான் சார் கூப்பிடுவார்.