மேட்டைத் தேடிப் படுத்த மாடுகள்

திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் மாரிதான் மாட்டுக்குப் பஞ்சகாலம். வெளியூரார் இதை இலேசில் நம்பமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் வெருகல் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஆனால் அந்தப் பச்சை முழுதும் வேளாண்மை. வட்டை என்ற வயல்வெளியில் விதைத்தபின் மாடு வாய்வைத்தால் பட்டிக்காரருக்குத்தான் வழக்கும் தண்டமும். வட்டைக்கு வெளியே கிடக்கும் தாழ்நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். உண்ண வைக்கலும் படுக்கக் காய்ந்த தரையும் ஒருசேர இல்லாமற்போகும் இரண்டு மாதங்கள் அவை.

முன்னர் பட்டிக்காரர் இதற்குக் கண்ட வழி, மாட்டோடு தாமும் இடம் மாறுவது. பெரும்போக விதைப்புக்கு முன்னமே மாடுகளை வயற்புறத்திலிருந்து கிளப்பி மேட்டுக்காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே கட்டையும் முள்ளும் அடுக்கிக் காலை எனப்படும் அடைப்பைக் கட்டுவார்கள். காலைக்குத் தெரிவது மணற்பாங்கான திட்டி. மழை ஓய்ந்த சற்றைக்கெல்லாம் தண்ணீர் வடிந்துவிடும். வாடைக்காற்றை மறிக்க வடபுறத்தில் மரக்கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாணமும் மூத்திரமும் சேர்ந்து தரை சேறானால் காலையைப் பிடுங்கி அடுத்த திட்டிக்கு மாற்றுவார்கள். பொழுதுபட்டால் கொசுவுக்கும் உண்ணிக்கும் புகைமூட்டம். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்ததும் பட்டி வட்டைக்குள் இறங்கும். அரிதாளை மாடு தின்னும், மாட்டின் சாணத்தை வயல் தின்னும்.

படுக்கை என்று அவர்கள் எதையும் தனியாக விரித்துப் போட்டதில்லை. காலையை மாற்றிக்கொண்டே இருந்ததால் மாடு ஒரே அழுக்கில் நெடுநாள் படுக்கவில்லை. புழுக்குஞ்சுகள் ஏறிய பழைய புல்லையே திரும்பத் திரும்ப மேயவுமில்லை. நல்ல கால்நடை வைத்தியர் இன்று சொல்லும் சுகாதாரத்தில் பாதி அந்த நடமாட்டத்திலேயே அடங்கியிருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தொண்டை அடைப்பான் வந்தால் எருமைகள் கூட்டமாய்ச் சரிந்தன. கால்-வாய் நோய்க்கு ஊசி இல்லை. நாட்டு மாடு கறந்த பால் கன்றுக்கும் வீட்டுக்கும் போக விற்கக் கொஞ்சமே மிஞ்சியது. ஆயினும் மழைக்குள் எங்கே படுப்பது என்பதை மாடே தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நிலம் அகன்று கிடந்தது.

அந்த அகலம்தான் போய்விட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு பூட்டப்பட்டதோடு மூண்ட சண்டையில் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். கையில் பிள்ளையையும் உடுபுடவையையும் தூக்கியவர்கள் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் போக முடிந்தது. 2007இல் திரும்பியவர்களில் பலருக்குப் பட்டி என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. பிறகு வந்த வாழ்வாதார உதவிகள் ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு என்ற கணக்கில் வந்தன. மேட்டுக்காட்டின் ஒரு பகுதிக்கு வன எல்லைக்கல் வந்தது, இன்னொரு பகுதி வயலானது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. கிழக்கில் பட்டி வைத்திருக்கும் எந்த ஊருக்கும் அந்த நெருக்கடி அந்நியமல்ல.

இந்த மாற்றத்தின் விலை 2022 டிசம்பரில் ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. மாண்டஸ் புயல் டிசம்பர் 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்தருகே கரையேறியது. இலங்கையை அது நேரே தாக்கவில்லை. ஆனாலும் அதன் குளிர்காற்றும் விடாத தூறலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளையும் எருமைகளையும் ஆடுகளையும் கொன்றன. திருகோணமலை மாவட்டமும் தப்பவில்லை. காலையில் எழுந்துபோனவர்கள் மாடுகள் படுத்த இடத்திலேயே விறைத்துக் கிடந்ததைக் கண்டார்கள். ஏதோ தொற்று என்ற பயம் பரவியது. பரிசோதனைகள் குளிர் அதிர்ச்சியையே காரணமாகக் காட்டின.

குளிர் என்று சொல்லி நிறுத்திவிட்டால் உண்மையில் பாதிதான் வெளிவரும். நம்முடைய குளிர் என்ன பனிக்குளிரா? இமயத்தில் மாடு வளர்க்கிறார்கள். வைக்கலும் புல்லும் நொதிக்கும்போது மாட்டின் பெருவயிறு ஓர் அடுப்பு. உள்ளே நார்த்தீனி இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். மாட்டின் உரோமம் காய்ந்திருந்தால் அந்த வெப்பத்தைப் பிடித்துவைக்கும். உரோமம் நனைந்து, காற்றும் அடித்து, படுக்கும் தரையும் ஈரமானால் மேலாலும் கீழாலும் சூடு வெளியேறும். வயிற்றில் தீனி இல்லையென்றால் ஈடுகட்ட எதுவுமில்லை. தோலுக்கடியில் கொழுப்பில்லாத மெலிந்த பசு, கன்று, கன்றுத்தாய்ச்சி ஆகியவை முதலில் விழுவது இதனால்தான். அந்த ஆண்டு தீனி விலை ஏறிக் கிடந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததால் விளைச்சல் குறைந்து வைக்கலும் குறைந்தது. எலும்பு தெரிந்த மாடுகளைத்தான் அந்த வாடைக்காற்று பிடித்தது. வெறும்வயிறும் ஈரத்தரையுமே அவற்றைக் கொன்றன என்பது என் துணிவு.

மாடு நாளின் ஏறத்தாழப் பாதியைப் படுத்தே கழிக்கிறது. பெரும்பாலும் படுத்துத்தான் அசைபோடுகிறது. தரை ஈரமென்றால் அது நின்றுகொண்டேயிருக்கும். குளம்பு ஊறி அழுகும், அசைபோடுவது குறையும். களைத்துச் சேற்றில் படுத்தால் கறவைக்கு மடிவீக்கம். ஆகவே படுக்கையையும் தீனியையும் ஒரே விடயமாகத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான பொருள் வைக்கல். இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு. எருமைகளை வளைத்துச் சூடு மிதித்த காலத்தில் வைக்கல் களத்திலேயே குவிந்தது, போராக எழுந்தது. இப்போது அறுவடை மெசின் காலையில் வயலுக்குள் இறங்கினால் மத்தியானம் நெல் மூட்டையில். வைக்கல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அடுத்த போகத்துக்கு அவசரப்படுபவர் தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார். ஆவணி, புரட்டாதியில் சிறுபோக வைக்கல் எரிகிறது. கார்த்திகையில் மாடு பட்டினி கிடக்கிறது. இடையில் இரண்டே மாதம். அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கணக்கு மிக எளியது. நடுத்தரப் பசு ஒன்றுக்கு மழைக்காலத்தில் நாளுக்கு 5 கிலோ வைக்கல் என்றால் 60 நாளைக்கு 300 கிலோ. ஓர் ஏக்கர் வயல் நல்ல விளைச்சலில் நெல்லுக்குக் கிட்டத்தட்டச் சமமான வைக்கல் தரும். ஒன்றரைத் தொன் என்று வைத்தாலும் ஐந்து மாட்டின் மாரி கடந்துவிடும். வெறும் வைக்கலில் புரதம் அரிது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அது மென்மையாகும், சத்தும் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. யூரியா வாங்க வழியில்லாதவருக்கு வேலியிலேயே சீமைக்கிளுவை நிற்கிறது. அதன் இலையை வெட்டி ஒரு நாள் வாடவிட்டு வைக்கலோடு கலந்தால் மாடு பழகித் தின்னும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோ-3 புல் இப்போது கிழக்கிலும் பரவியிருக்கிறது. நல்ல புல்தான், ஆனால் தண்ணீர் தேங்கும் காணியில் நிற்காது. வீட்டு மேட்டில் நட வேண்டும்.

படுக்கைக்கு வெருகல் ஆற்று மணலே போதும். வெள்ளமட்டத்துக்கு மேலே மண் அணைத்து மேடாக்கி, அதன்மேல் மணல், மணலுக்கு மேல் உமியோ பழுதான வைக்கலோ. நனைந்த மேற்படையை அள்ளிக் குப்பைக்கிடங்கில் கொட்டினால் அடுத்த போகத்துக்குப் பசளை. வடக்கு, வடகிழக்குப் பக்கத்தில் கிடுகுத் தட்டி. நான்கு புறமும் அடைத்துவிட்டால் மூத்திர நெடி தேங்கி மாட்டுக்கு இருமல் வரும்; கூரையடியில் காற்றோட்டம் வேண்டும். ஆட்டுக்கு ஈரம் மாட்டைவிடக் கொடியது, அதற்குப் பரண் கொட்டில்தான் சரி.

இதெல்லாம் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கைக்கெட்டும் வேலை. நூறு மாட்டுப் பட்டிக்கு ஒருவர் தனியே மேடு கட்ட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது மனிதரை ஏற்றப் படகு வந்தது, ஹெலிகொப்டர் வந்தது. பட்டிமாட்டை ஏற்றிச்செல்ல எந்த வாகனமும் இல்லை. பக்கத்தில் மேடு இருந்தால்தான் அதற்கு வழி. ஆகவே பொது மேட்டுநிலத்தை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவித்து எல்லைபோட வேண்டும். மாடு செத்தபின் நட்டஈட்டுப் படிவம் நிரப்பும் அலுவலகங்கள், சிறுபோக அறுப்புக்கே வைக்கல் கட்டும் இயந்திரத்தைக் கமக்கார அமைப்புகளிடம் கொடுத்து, மேட்டில் பொதுப் போர் ஒன்று எழுப்ப உதவட்டும். பூநகரிலும் மாவடிச்சேனையிலும் வட்டவனிலும் வயலும் பட்டியும் அருகருகேதான் இருக்கின்றன. வயற்காரர் எரிப்பதைப் பட்டிக்காரர் கட்டி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டி சாணம் இறக்கினால் இருவருக்கும் பணம் கைமாற வேண்டியதில்லை. அந்தப் பேச்சை ஆடிக்குள்ளேயே பேசி முடித்துவிட வேண்டும். ஆவணியில் மெசின் வயலுக்குள் இறங்கிவிடும்.