பால்பல் தானே என்று விடலாமா?



எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு இரண்டு வயதுப் பிள்ளைகளையும் தாய்மார் தூக்கி வருகிறார்கள். மேல் முன்பற்கள் கறுத்து உடைந்திருக்கும். வலியால் பிள்ளை சாப்பிடாது, இரவில் தூங்காது. விழுந்து முளைக்கிற பல்தானே என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். ஆனால் 20 பால்பற்களில் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்னதாகப் போனால் நிலைப்பற்கள் இடம் தவறி முளைக்கும். சிறு பிள்ளைக்குப் பல சொத்தைகளைச் சரிசெய்ய முழு மயக்கம் கொடுக்கவும் நேரிடுகிறது.

இதற்குக் காரணம் பல் புழு அல்ல. சர்க்கரை கலந்த பால் புட்டியோடு பிள்ளை உறங்கும்போது வாயில் உமிழ்நீர் குறைவு. பல்லில் தங்கும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அது எனாமலைக் கரைக்கிறது. இக்கிருமிகள் பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே வருகின்றன. எனவே தாயின் சொத்தைப் பல்லையும் கவனிக்கிறோம்.

விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் தாய், பாட்டியிடம் புட்டியைக் கொடுத்துச் செல்வது அன்பில்லாமல் அல்ல. ஆகையால் குறை கூறாமல், கிராமங்களுக்கே சென்று கற்பிக்கிறோம். முதல் பல் ஏறத்தாழ 6 மாதத்தில் முளைக்கும். 9 மாதத் தடுப்பூசிக்கு வரும் பிள்ளையின் மேல் உதட்டை எங்கள் செவிலியர் உயர்த்திப் பார்க்கிறார். ஈறையொட்டிச் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தெரிந்தால், அதுவே முதல் அடையாளம். அப்போதே கவனித்தால் குழி விழாமல் தடுக்கலாம். ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சில நிமிடங்கள் போதும். ஆண்டுக்கு இருமுறை பூசுகிறோம்.

அங்கன்வாடிகளிலும் சபைகளின் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் நாங்கள் சொல்வது இவைதான்: இரவில் புட்டி வேண்டாம். ஒரு வயதானபின் டம்ளரில் பழக்குங்கள். பாலில் சர்க்கரை சேர்க்காதீர்கள். முதல் பல் முளைத்தது முதல் தினம் இருமுறை, அரிசி மணியளவு ஃபுளோரைடு பற்பசையால் பெரியவர்களே துலக்கிவிடுங்கள்.

அன்பானவர்களே, குணமடைந்த பிள்ளையின் படத்தை உங்களுக்கு அனுப்ப முடியும். வராமற்போன வலியைப் படமெடுக்க முடியாது. ஆயினும் உங்கள் காணிக்கையின் பலன் அங்கேயும் உண்டு. கிராமம் கிராமமாய்ச் செல்லும் செவிலியர்களுக்காகவும், உழைத்துக் களைத்த தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள். இவ்வூழியத்தைத் தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.