வேருக்கு மூச்சு கொடுக்கும் கல்வாழை

வயலில் சில நாள் தண்ணீர் தேங்கினால் மிளகாய்ச் செடி வாடிப்போகிறது. கல்வாழையோ வாளித் தண்ணீரில் வேர்விட்டு நின்று, சிவப்பாகப் பூக்கவும் செய்கிறது. எப்படி?

மிளகாய்ச் செடியைக் கொல்வது மூச்சுத் திணறல்தான். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம்தான். அதுவும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் நீரில் பரவும்.

கல்வாழை, சம்பு, நெல் போன்றவை இலை வழியே வந்த காற்றை வேர்நுனி வரை கொண்டுபோகின்றன. அவற்றின் தண்டிலும் வேரிலும் ஏரன்கைமா என்னும் காற்றறைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மக்காச்சோளத்தில் இந்த அறைகள் உருவாகும் விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வேரைச் சுற்றி நீர் சூழ்ந்ததும், வேரில் சுரக்கும் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன், இங்கே சில செல்களை மடியச் செய்கிறது. அவை மடிந்த இடமே காற்றுக்கு வழியாகிறது.

வேருக்கு வந்த ஆக்சிஜனில் கொஞ்சம் வெளியே கசியும். அதைக் கொண்டு வேரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களில் தொடங்கிய ஆய்வுகள், நாணல் படுகைகளால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைக்கு அடித்தளமிட்டன. குளியலறை, சமையலறைத் தண்ணீருக்குக் கல்வாழைப் பாத்தி நல்ல ஏற்பாடு. பூச்செடியைத் தொட்டித் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரையும் கல்வாழையிடம் விட்டுவிடலாமா? அதிலுள்ள குரோமியத்தில் ஒரு பகுதியை வேர் பிடித்து வைத்துக்கொள்ளும். இலைக்கு ஏறுவது சொற்பம். அந்த வேரையும் பிறகு நச்சுக்கழிவாகவே கையாள வேண்டும். பெரிய சிக்கல் உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தூவும் உப்பு, ஊறவைக்கும்போது தண்ணீரில் கரைகிறது. உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது; தண்ணீரில் நின்றபடியே கல்வாழை தாகத்தால் கருகும். பாக்டீரியாவாலும் உப்பைச் சிதைக்க முடியாது.

இந்த டேனரிகளால் பாலாற்றங்கரை மாசுபட்டது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் பொறுப்பைச் செடியின் தலையில் கட்ட முடியாது. தோலை ஊறப்போடும் முன்பே அதிலுள்ள உப்பை உதறி எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை டேனரிக்குள்ளேயே பிரித்தாக வேண்டும்.