ஹெட்போன் பேச மறுக்கிறதா? கடைக்குப் போகும் முன் இவற்றைப் பாருங்கள்

லேப்டாப் வாங்கிய புதிதில் எல்லாம் ஒழுங்காக இயங்கும். பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஹெட்போன் மௌனமாகிவிடும். உடனே நமக்குத் தோன்றுவது, "லேப்டாப் போச்சு" என்பதுதான்.

என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. பாட்டுப் போட்டால் இசை கேட்கிறது. பாடுபவரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கடையில் கொடுத்தார். "போர்டு மாற்ற வேண்டும்" என்று சொல்லி, புது லேப்டாப்பின் விலையில் கால் பங்கு கேட்டார்கள். என்னிடம் கொண்டு வந்தபோது ஹெட்போனைச் செருகிப் பார்த்தேன். பின் ஒரு நெல் நீளத்திற்கு வெளியே நின்றது. உள்ளே துணிப்பையின் பஞ்சு அடைத்திருந்தது. அதை எடுத்ததும் குரல் வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

எனவே, எளிதானதை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் சோதிப்பது நல்லது. வரிசை இதோ.

1. குற்றவாளி யார்?

அதே ஹெட்போனை மொபைல் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ செருகிப் பாருங்கள். அங்கும் கேட்கவில்லை என்றால் ஹெட்போனில்தான் கோளாறு. பெரும்பாலும் பின்னை ஒட்டிய இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வயரை வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் இதுதான் காரணம். அங்கு நன்றாகக் கேட்டால், லேப்டாப்பைக் கவனிப்போம்.

2. பின் முழுதாக உள்ளே போகிறதா?

வழக்கமான ஹெட்போன் பின்னின் தடிமன் 3.5 மி.மீ. அதில் கறுப்பு வளையங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வளையம் இருந்தால் வெறும் ஹெட்போன். மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. இடது, வலது காதுகளுக்குத் தனித்தனி இணைப்பும், இரண்டுக்கும் பொதுவாக கிரவுண்ட் என்ற இணைப்பும் இதில் உண்டு. பின் முழுதாக நுழையாவிட்டால் கிரவுண்ட் தொடுவதில்லை. அப்போது இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடுபவரின் குரல் பொதுவாக இரு பக்கமும் சமமாகவே பதிவு செய்யப்படுவதால் அது மறைந்து, இசை மட்டும் மிஞ்சும். நண்பருக்கு நடந்தது இதுதான்.

சுத்தம் செய்யும் முன் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரையும் கழற்றிவிடவும். கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் புளோயர் போதும். குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது. வாயால் ஊதினால் ஈரம் போய்விடும், அதையும் தவிர்க்கவும்.

பழைய லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்கிற்கும் தனித்தனித் துளைகள் இருக்கும். ஹெட்போன் படம் போட்ட துளையில்தான் செருகியிருக்கிறீர்களா என்று பார்க்கவும்.

3. சத்தம் வேறெங்கோ போகிறதா?

லேப்டாப்புடன் டிவி, மானிட்டர், புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றில் ஏதேனும் இணைந்திருந்தால், விண்டோஸ் ஒலியை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11ல் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் கிளிக் செய்திடவும். வால்யூம் கோட்டின் பக்கத்தில் உள்ள சிறிய அடையாளத்தில் கிளிக் செய்தால் ஒலிச் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 10ல் வால்யூம் கோட்டிற்கு மேலே உள்ள சாதனத்தின் பெயரில் கிளிக் செய்தால் இதே பட்டியல் கிடைக்கும்.

அடுத்து, ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறக்கவும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம் இருக்கும். பிரவுசர் மட்டும் மியூட் ஆகியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: சோதிக்கும்போது வால்யூமை நூறில் வைத்துக்கொண்டு ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள். திடீரென இணைப்பு கிடைத்தால் காது பாதிக்கப்படும். இருபதில் தொடங்குங்கள்.

4. ஒரு காதில் மட்டும் கேட்கிறதா?

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் எனச் சென்று ஹெட்போனின் பெயரில் கிளிக் செய்திடவும். இடது, வலது அளவுகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

5. புளூடூத் ஹெட்போனில் ஒலி மட்டமாக உள்ளதா?

பாட்டு நன்றாகக் கேட்டு, வீடியோ காலில் மட்டும் பழைய டெலிபோன் போல ஒலித்தால் அது பழுதல்ல. பல புளூடூத் ஹெட்போன்களில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும், இருவழிப் பேச்சுக்கான தரம் குறைந்த முறைக்கு இணைப்பு மாறிவிடும். கால் செட்டிங்கில் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தரம் திரும்பிவிடும்.

6. டிரைவரைக் கவனிக்கவும்

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பிரச்னை தொடங்கியதா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற பிரிவில் உள்ள ஆடியோ சாதனத்தில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் எனச் செல்லவும். ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் இயங்கும் நிலையில் இருந்தால் அதை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இல்லையென்றால், லேப்டாப் நிறுவனத்தின் இணைய தளத்தில் உங்கள் மாடலுக்குரிய ஆடியோ டிரைவரை இறக்கிப் பதியவும். டிரைவர் தருவதாக விளம்பரம் செய்யும் மற்ற தளங்கள் வேண்டாம்.

இத்தனைக்குப் பின்னும் சத்தம் வரவில்லையா? துளையே பழுதாகியிருக்கலாம். அப்போதும் போர்டு மாற்ற அவசரப்பட வேண்டாம். யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு என்று பென் டிரைவ் அளவில் ஒரு சாதனம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகி, ஹெட்போனை அதில் மாட்டினால் போதும். வாரண்டி இருந்தால் மட்டும் முதலில் சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். அங்கும், மேலே சொன்னவற்றில் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். விவரம் தெரிந்தவரிடம் தேவையில்லாத செலவைச் சொல்ல யாரும் யோசிப்பார்கள்.